சண்டை விளையாட்டுக்கு என் கைப்பட ஒரு ஜாய்ஸ்டிக்

பெட்டி தயார், வயரிங்கும் முடிந்துவிட்டது! சான்வா ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக், 30 மி.மீ. பொத்தான்கள், மூளையாக ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் பலகை. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வழக்கமாக்கிய அதே ஆறு பொத்தான் வரிசைதான்: மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை.

மேல்பலகை தடித்த பிளைவுட். அழுத்திப் பொருத்தும் பொத்தான்கள் மெல்லிய தகட்டுக்குத்தான் சரி, மரத்தில் கவ்வாது. அதனால் அடியில் மரை போட்டு முறுக்கும் வகையை வாங்கினேன்.

வயரிங்கைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். பொத்தானுக்கு இரண்டே முனைகள், எது எங்கே என்ற பேதம் கிடையாது. ஒரு முனையை கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட் இணைப்பு) சேர்க்க வேண்டும். ஒரே வயர் பொத்தானுக்குப் பொத்தான் தாவிக்கொண்டே போகலாம். மறுமுனை பிக்கோவில் அதற்கென்று உள்ள பின்னுக்கு (pin, இணைப்பு முனை). அந்தப் பின் எப்போதும் 3.3 வோல்ட்டில் நிற்கும், அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கும். அவ்வளவுதான் சங்கதி. ஜாய்ஸ்டிக்கிலிருந்து ஐந்து வயர்கள்: நான்கு திசை, ஒரு கிரவுண்ட். பொத்தான்களுக்கு சால்டர் வைக்கவில்லை, செருகும் கிளிப்தான். பின்னால் கழற்றி மாற்றுவது எளிது.

பிக்கோவை கேம் கன்ட்ரோலராக மாற்றுவது ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருள். பிக்கோவிலேயே உள்ள பூட்செல் பொத்தானை அழுத்தியபடியே அதை கணினியில் செருகி, இந்த மென்பொருளை பென் டிரைவில் போடுவதுபோல் நகலெடுத்தேன்.

ஜாய்ஸ்டிக் தண்டு எதுவரை சாயலாம் என்று வரம்பு கட்டும் சட்டம்தான் 'கேட்' (gate). என்னுடைய சதுர கேட்டை எண்கோணமாக மாற்றச் சொல்கிறார்கள் நண்பர்கள். மாற்ற மாட்டேன். மூலைவிட்டத் திசைக்குச் சதுரத்தில்தான் தாராளமான இடம். ஹடோக்கன் (கீழ், மூலை, முன் என்று தண்டைச் சுழற்றிக் குத்தும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் அடி) அடிக்கும்போது விரலுக்கே அது தெரிகிறது.