நடை மட்டும் காணாது

பெப்ரவரி 2
காலையில் கொழும்பு மரைன் டிரைவில் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்புவேன், களைப்பே தெரியாது. இருந்தும் கோயிலில் நிலத்தில் இருந்தால், எழும்புவதற்குத் தூணைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் தொடர்மாடியில் இருக்கிற ஃபிசியோதெரபிஸ்ட் பிள்ளையிடம் இதைச் சொன்னேன்.

"நடை மட்டும் காணாது, அன்ரி" என்றாள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் நிலத்திலிருந்து உடம்பைத் தூக்குவது தொடையும் இடுப்பும் பார்க்கிற வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற உடலசைவு, அதோடு 3 நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி என்று இருக்கிறதாம். முதல் பாதியைத்தான் எல்லா டொக்டர்களும் சொல்கிறார்கள்.

பெப்ரவரி 5
கதிரைச் சோதனை. கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு சாத்தி, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை தரம் முழுதாக எழும்பித் திரும்ப இருக்கிறோம் என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தின் கணக்கில் 65 முதல் 69 வயது வரையான பெண்கள் 11க்குக் குறைந்தால், ஆண்கள் 12க்குக் குறைந்தால், விழும் ஆபத்துக் கூட. நான் எல்லையில் நின்றேன். "இதென்ன பள்ளிக்கூட ட்ரில்லோ?" என்று சிரித்த இவரும் செய்து பார்த்தார். அதற்குப் பிறகு சிரிப்பைக் காணவில்லை.

பெப்ரவரி 11
கதிரையிலிருந்து எழும்புவதைவிடத் திரும்ப இருப்பதில்தான் விஷயம். தொப்பென்று விழாமல் ஆறுதலாக இறங்கினால் தொடைக்கு உண்மையான வேலை. 5 கிலோ அரிசிப் பையைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கொரிடோரில் நடக்கிறேன். பிடி, தோள், வயிறு எல்லாம் விழித்துக்கொள்கின்றன. பையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பில் மடிந்து, பையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, முக்கியமாகப் பிரஷர் உள்ளவர்கள். தேங்காய் துருவுகிற இடைவெளியில் குதிக்கால் உயர்த்துகிறேன். இதற்குக் கண்ணாடி பதித்த ஜிம் எதற்கு, காதைப் பிளக்கிற பாட்டு எதற்கு?

பெப்ரவரி 20
100ஆம் இலக்க பஸ். படி முழங்கால் உயரம், கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" (ஏறுங்கோ, ஏறுங்கோ) என்று சிங்களத்தில் அவசரப்படுத்துகிறார். வீட்டுப் படிக்கட்டின் முதல் படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்கிப் பழகியது இதற்குத்தான். கம்பியை இழுக்காமல் காலாலேயே ஏறினேன். முழங்கால் தேயும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. முழங்கால் வாதத்துக்கே முதல் வைத்தியமாகப் பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். குத்துகிற நோ வந்தால் மட்டும் நிறுத்தினால் சரி.

மார்ச் 1
மாமிக்கு 88 வயது. "பிள்ளை, எனக்கு இந்த வயசில என்னத்துக்கு?" என்றார். 1990இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வைச் சொன்னேன்: முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் பாரம் தூக்கிப் பழகியதில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. மாமி நம்பவில்லை. ஆனால் கதிரை கேட்டார், கைப்பிடி உள்ளதாக. கொடுத்தேன். இப்போதைக்குக் கையூன்றி எழும்பட்டும். அப்புறம் தலையணை வைத்து உயர்த்தி, கையை விடச் சொல்ல வேண்டும். இரவில் வெறும் கஞ்சியோடு படுப்பதையும் நிறுத்தி, ஒரு முட்டையாவது சாப்பிட வைக்க வேண்டும். அதுதான் பெரிய சண்டையாக இருக்கப்போகிறது.