அலர்ஜி ஃபெலோஷிப்பில் ஆராய்ச்சி: கேள்வியை எங்கே தேடுவது?

அலர்ஜி, இம்யூனாலஜி பயிற்சியில் சேரும் டாக்டர்கள் பலருக்கு ஆராய்ச்சி என்றதும் எலியும் லேபும்தான் நினைவுக்கு வரும். அந்த வழியும் இருக்கிறது, ஆனால் நேரம் வேண்டும். அமெரிக்க முறையில் இந்த ஃபெலோஷிப்பே இரண்டு ஆண்டுதான்; அதில் பெரும்பகுதி நோயாளிகளோடு போய்விடும். அடிப்படை அறிவியலில் முன்பே கை பழகியவர்களைத் தவிர மற்றவர்கள் கிளினிக்கிலிருந்தே கேள்வியை எடுப்பது நல்லது என்பேன்.

அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். செடூக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் முதல் டோஸிலேயே சிலருக்கு அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) வந்தது. அதுவும் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில்தான் அதிகம். ஏன் அங்கே அதிகம் என்று கேட்டுப் போனதில்தான், அந்த மருந்தில் இருந்த ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் ஆன்டிபாடி) அவர்களுடைய ரத்தத்தில் முன்பே இருந்தது 2008-ல் தெரியவந்தது. அதே சர்க்கரை உள்ள மாட்டிறைச்சியைச் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வரும் அலர்ஜிக்கும், உண்ணிக்கடிக்கும் உள்ள தொடர்பு அப்புறம் புரிந்தது.

நான் எடுத்தது பெனிசிலின். ஏறக்குறைய பத்தில் ஒரு நோயாளியின் கோப்பில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று இருக்கும்; முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒன்றும் செய்யாது. அந்த முத்திரையை நீக்குவது பயிற்சிக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை, நோயாளிக்கும் உடனடி லாபம்.

கஷ்டம் கோப்பைத் திறந்ததும் ஆரம்பிக்கும். 'பெனிசிலின் – ராஷ்' என்று ஒரே வரி. எப்போது வந்தது, டோஸ் போட்டு எவ்வளவு நேரத்தில், கொப்புளம் இருந்ததா, வாய்ப்புண் வந்ததா, எதுவும் இருக்காது. அதனால் கோப்புகளைத் தொடும் முன்பே ஒரு பக்கத்தில் வரையறைகளை எழுதிவிட்டேன்: ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் உடனடி வகை, தோல் உரிந்து சளிச்சவ்வும் பாதிக்கப்பட்டிருந்தால் தீவிர வகை, அவர்களுக்கு மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பதே கூடாது. பிறகு சில கோப்புகளை ஒரு சக ஃபெலோவிடம் கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொன்னேன். எங்கள் பதில் எங்கே வேறுபட்டதோ, அங்கே வரையறையைத் திருத்தினோம். கட்டுரையின் மெத்தட்ஸ் பகுதி பாதி அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

இன்னொன்று. அலர்ஜிப் பொருளைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதாதீர்கள். சுமார் 15 நிமிடத்தில் தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, டேப்பில் ஒற்றிக் காகிதத்தில் ஒட்டி, நெகட்டிவ் கன்ட்ரோலையும் (அலர்ஜிப் பொருள் இல்லாத திரவத்தால் குத்திய இடம்) சேர்த்து மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். வழக்கமான எல்லை, கன்ட்ரோலைவிட 3 மி.மீ. கூடுதல். நாளைக்கு யாராவது 5 மி.மீ. எல்லையைச் சோதிக்க நினைத்தால், எண் இல்லாத கோப்பு எதற்கும் உதவாது. அலர்ஜியின்போது ரத்தத்தில் கூடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவும் இப்படித்தான்: அனஃபிலாக்ஸிஸ் வந்த சில மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரம் கடந்தபின் பேஸ்லைனுக்கு (வழக்கமான அளவு) இன்னொன்று. இரண்டாவதை எடுக்க எல்லோரும் மறப்பார்கள், அது இல்லாமல் முதலாவதை எதோடு ஒப்பிடுவது?

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு விஷயத்தில் பெரிய பெயரைவிட, அனுப்பிய டிராஃப்டைத் திருத்தித் திருப்பி அனுப்புபவரே மேல். முந்தைய பேட்ச் ஃபெலோக்களின் கட்டுரைகள் அச்சில் வந்தனவா என்று விசாரித்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். எதிக்ஸ் கமிட்டி மனுவைப் பயிற்சியில் சேர்ந்த சூட்டோடு போட்டுவிடுங்கள். ஸ்டாட்டிஸ்டிஷியனையும் டேட்டா சேர்த்த பிறகு பார்க்காதீர்கள், சேர்க்கும் முன்பே பாருங்கள்.

அமெரிக்க அலர்ஜி அகாடமியின் (AAAAI) ஆண்டு மாநாட்டுக்கான அப்ஸ்ட்ராக்ட்டை (ஆய்வுச் சுருக்கம்) முந்தைய ஆண்டிலேயே கேட்பார்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். ஐரோப்பிய அலர்ஜி அகாடமி (EAACI) இளம் டாக்டர்களுக்கு வேறு நாட்டு மையத்தில் ஆராய்ச்சி செய்ய ஃபெலோஷிப் தருகிறது, அதையும் பாருங்கள். போஸ்டர் முடிந்த கையோடு முழுக் கட்டுரையையும் எழுதிவிடுங்கள். பயிற்சி முடிந்து வேறு இடம் போனால், அந்த டேட்டாவைத் திறக்கும் அனுமதி பெரும்பாலும் அன்றோடு போய்விடும்.