ஒரே களஞ்சியம், மூன்று கோப்புறைகள்

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில் கையிருப்புப் பகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பதினேழு கோப்புகள் பாதியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அழைப்பு வந்தது: பில் மொத்தத்தில் பைசாக் கணக்கு தவறுகிறது, இன்றே சரிசெய்ய வேண்டும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி கிட்; அந்தப் பதிவுகள் இருக்கும் இடம்தான் களஞ்சியம். வழக்கம்போல், பாதி வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ‘கிட் ஸ்டாஷ்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு, முதன்மை நிரல் வரிசையான மெயின் கிளைக்குப் போனேன். பிழையைத் திருத்தி, ‘கிட் ஆட் .’ போட்டு அங்கிருந்த எல்லாவற்றையும் சேர்த்து கமிட் செய்தேன், அதாவது பதிவுசெய்தேன். ஆனால், வெறும் ஸ்டாஷ் கிட்டுக்கு இன்னும் அறிமுகமாகாத புதிய கோப்புகளை எடுத்துவைப்பதில்லை. கையிருப்புக்காகப் புதிதாக எழுதத் தொடங்கியிருந்த இரண்டு கோப்புகள் அங்கேயே இருந்தன, திருத்தத்தோடு சேர்ந்து போய்விட்டன. சக ஊழியர் பார்த்துச் சொன்னதால் வாடிக்கையாளரைச் சென்றடையும் முன் தடுத்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன்பின் களஞ்சியத்தை இன்னோர் இடத்தில் தனியாகக் குளோன் (முழு நகல்) செய்து பார்த்தேன். ஒன்றில் செய்த கமிட் மற்றொன்றுக்குத் தெரிய வேண்டுமானால் சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். எது புதியது, எது பழையது என்ற குழப்பம் வேறு. ஒரே மாதத்தில் கைவிட்டேன்.

பிறகுதான், ஒரே களஞ்சியத்தின் வெவ்வேறு கிளைகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் ஒரே நேரத்தில் திறந்துவைக்கும் ஒர்க்ட்ரீக்கு வந்தேன். 2015 ஜூலையில் வெளியான கிட் 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி. இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன். ‘கிட் ஒர்க்ட்ரீ ஆட்’ என்று தொடங்கி, புதிய கோப்புறையின் இடத்தையும் கிளையின் பெயரையும் கொடுத்தால் போதும். புதுக் கிளையாகவே தொடங்க ‘-பி’ சேர்க்க வேண்டும். சில நொடிகளில் பக்கத்தில் ‘திருத்தம்’ என்றொரு கோப்புறை வந்து நின்றது. பதினேழு கோப்புகளும் பழைய இடத்தில், விட்டது விட்டபடி இருந்தன.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் புதிய கோப்புறையின் ‘.கிட்’டைத் திறந்தேன். அது கோப்புறை இல்லை. ஒரே வரி கொண்ட சிறு கோப்பு. மூலக் களஞ்சியத்துக்குள் ‘ஒர்க்ட்ரீஸ்/திருத்தம்’ என்ற இடத்துக்கு வழி காட்டுகிறது, அவ்வளவுதான். கமிட்டுகளும் கிளைகளும் ஹூக்குகளும் (கமிட் போன்ற செயல்களின்போது தானாக ஓடும் சிறு நிரல்கள்) எல்லாக் கோப்புறைகளுக்கும் பொது. எந்தக் கிளையில் நிற்கிறோம், கமிட்டுக்கு எவற்றை எடுத்துவைத்திருக்கிறோம் என்பவை போன்ற சில மட்டும் கோப்புறைக்குக் கோப்புறை தனி. இதைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது.

ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் திறக்க முயன்றால் கிட் மறுத்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஸ்டாஷ் பொதுச் சொத்து என்பதையும் மறக்கக் கூடாது: ஒரு கோப்புறையில் வைத்ததை மற்றொன்றில் எடுத்துவிட முடியும்.

என்னை நாள் முழுக்க அலைக்கழித்தது தரவுதளம். கையிருப்புக் கிளையில் ஓர் அட்டவணைக்குப் புதிய பத்தி (நெடுவரிசை) சேர்த்து, மென்பொருளை எழுதப் பயன்படுத்தும் ஜாங்கோ கட்டமைப்பின் மைகிரேஷனை, அதாவது தரவுதள அமைப்பை மாற்றும் நிரலை, ஓட்டியிருந்தேன். அந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது. எதுவும் கொடுக்காதபோது நிரப்ப வேண்டிய இயல்பு மதிப்பை ஜாங்கோ தன் நிரலிலேயே வைத்துக்கொண்டது, தரவுதளத்தில் விட்டுவைக்கவில்லை. ‘திருத்தம்’ கோப்புறையின் பழைய நிரலுக்கு அந்தப் பத்தியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே புதிய பில் போட்டபோதெல்லாம் பிழை. என் திருத்தத்தில்தான் தவறு என்று நினைத்து வரிவரியாகத் தேடினேன். இரண்டு கோப்புறைகளும் ஒரே தரவுதளத்தோடு பேசிக்கொண்டிருந்தன என்பது மாலையில்தான் உறைத்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுதளம். நான் பயன்படுத்தும் தரவுதள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் இருக்கிற ஒன்றை அச்சாக வைத்துப் புதியது உருவாக்கலாம். அந்த நேரத்தில் மூலத் தரவுதளத்தோடு வேறெந்த இணைப்பும் இருக்கக் கூடாது, எனவே என் கணினியில் ஓடும் ஜாங்கோ சர்வரை முதலில் நிறுத்துகிறேன். அந்த சர்வரை அணுகும் போர்ட் எண்ணும் தனி: 8000, 8001, 8002.

வேலை முடிந்ததும் கோப்புறையைக் கையால் அழித்துவிடுவது என் பழக்கமாக இருந்தது. அப்படி அழித்தால் களஞ்சியத்தில் அதன் பதிவு தங்கிவிடும். அந்தக் கிளை இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே கிட் சொல்லும். ‘கிட் ஒர்க்ட்ரீ ப்ரூன்’ கொடுத்தால் தீர்ந்துவிடும். ‘ரிமூவ்’ கட்டளை இதைவிட நல்லது: கமிட் ஆகாத மாற்றமோ புதிய கோப்போ இருந்தால் அழிக்க மறுக்கும். அந்தக் காவலை நம்பித்தான் ஒருமுறை, ரகசியங்களும் அமைப்புகளும் இருக்கும் ‘.என்வ்’ கோப்பை இழந்தேன். கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று குறித்துவைக்கும் கிட்இக்னோர் பட்டியலில் உள்ள கோப்புகளை ‘ரிமூவ்’ கணக்கில் எடுப்பதே இல்லை. கடவுச்சொற்களும் சோதனைச் சாவிகளும் சத்தமில்லாமல் போயின. அவற்றைத் திரும்பப் பெற இரண்டு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கோப்பின் மூலப் பிரதியை எல்லா ஒர்க்ட்ரீக்களுக்கும் வெளியே வைத்திருக்கிறேன். புதிய கோப்புறை திறந்ததும் முதல் வேலை அங்கிருந்து ஒரு நகல் எடுத்து, தரவுதளப் பெயரையும் போர்ட்டையும் மாற்றுவது.

இப்போது ‘கிட் ஒர்க்ட்ரீ லிஸ்ட்’ கொடுத்தால் மூன்று வரிகள் வருகின்றன. ஒன்றில் கையிருப்பு வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. இரண்டாவது, அவசரத் திருத்தங்களுக்கு. மூன்றாவதில் சக ஊழியரின் கிளையைத் திறந்து வைத்திருக்கிறேன். அவருடைய சோதனைகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.