வாரண்டி முடிந்த காரை வீட்டிலேயே பராமரித்த அனுபவம்

எங்களிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி வேகன் ஆர். 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வாரண்டி முடியும்வரை ஒவ்வொரு சர்வீசையும் அங்கீகாரம் பெற்ற பணிமனையிலேயே செய்துவந்தோம். அந்தக் காலத்தில் நாமே கைவைத்தால் பின்னால் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரும். அதன் பிறகு, ஆண்டுதோறும் வரும் சாதாரண சர்வீசை வீட்டு வாசலிலேயே நானே செய்துகொள்ளத் தொடங்கினேன். இதில் பெரிய தொகை மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் சற்று ஏமாறக்கூடும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாமும் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். மிஞ்சுவது கூலியும், கேட்காமலேயே பில்லில் ஏறிக்கொள்ளும் பளபளப்பு வேலைகளின் தொகையும்தான். எனக்குக் கிடைத்த பயன் வேறு. காரில் எந்தப் பகுதி எந்த நிலையில் இருக்கிறது, எது எப்போது மாற்றப்பட்டது என்பதை இப்போது பில்லைப் பார்த்து நம்பவேண்டியதில்லை. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் செய்த முதல் வேலை, டேஷ்போர்டு அறைக்குள் உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டைப் படித்ததுதான். ஆயில் எந்த ரகம், டயரில் எவ்வளவு காற்று, ஜாக்கியை எங்கே வைக்கவேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கின்றன. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்பது அதிலுள்ள கணக்கு. எங்கள் கார் கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்குமாகக் குறைந்த தூரமே ஓடுவதால், கிலோமீட்டர் நிறைவதற்கு முன்பே ஆண்டு முடிந்துவிடும். கார் ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு மாற்றவேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் குறுகிய பயணங்களில்தான் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்குகின்றன. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அந்தத் தொல்லை குறைவு.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்கவில்லை. ஒரு பாக்ஸ் ஸ்பேனர் செட், ஆயில் ஃபில்டரைக் கழற்றும் ரென்ச், மல்டிமீட்டர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச், உயர்த்திய காரைத் தாங்கும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. இவற்றில் ஸ்டாண்டுகளைத் தவிர மற்ற எதையும் இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது.

ஏர் ஃபில்டரும் வைப்பர் ரப்பரும் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை என்பதால் அவற்றிலிருந்து தொடங்கினேன். அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்தது பேட்டரி. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்பை, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு வாஸ்லின் தடவினேன். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் என்ற வரிசையை மாற்றக்கூடாது. மாற்றினால் பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். இரவு முழுவதும் நின்ற காரின் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ் இருக்கிறது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது அது ஏறக்குறைய 14 வோல்ட்டுக்கு உயர்ந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரியாக வேலை செய்கிறது. புதிய பேட்டரி வாங்கும்போது ஒன்றைக் கவனித்தேன்: 38பி20எல், 38பி20ஆர் என இரண்டு வகைகள் ஒரே அளவில் வருகின்றன, ஆனால் டெர்மினல்கள் இடம்மாறி இருக்கும். கடைசி எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் காரில் உள்ள கேபிள் எட்டாது.

ஆயில் மாற்றுவதுதான் இந்த வேலைகளில் முக்கியமானது. காரைச் சில நிமிடம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பான பிறகு, சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே முன்பக்கத்தை உயர்த்தினேன். ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கியபின், உள்ளே நுழைவதற்கு முன் கையால் பலமாக ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஆடி விழுவதானால் அது நான் வெளியே நிற்கும்போதே விழட்டும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் கீழே சீராக வடியும். ஆயிலை வடிக்க அடியில் உள்ள டிரெயின் போல்ட்டின் கடைசி மரையைக் கையால் திருகும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே திருகி, சட்டென்று விலக்கிக்கொண்டால் முழங்கைவரை ஆயில் வழியாது.

சொட்டு நின்றதும் போல்ட்டில் புதிய வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். பலத்தைக் காட்டுவதற்கு இது இடமல்ல. மரை கெட்டுப்போனால், சில ரூபாய் வாஷரில் முடியவேண்டிய வேலை ஆயில் தேங்கும் சம்ப்பையே மாற்றுவதில் கொண்டுபோய் விடலாம். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டினால், இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் பீறிட்டு வெளியேறிவிடும். புதிய வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே திருப்பினால் போதும். ஃபில்டர் ரென்ச் கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு அல்ல.

இந்த இன்ஜினுக்குக் கையேடு சொல்வது 5டபிள்யூ-30 ஆயில்; ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அதனால் முழு டப்பாவையும் ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கொஞ்சம் நிறுத்தி வைத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை ஓடவிட்டேன். ஆயில் விளக்கு அணைந்து, எங்கும் கசிவில்லை என்று உறுதியான பிறகு காரைத் தரைக்கு இறக்கி, சில நிமிடங்கள் பொறுத்து, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேர்த்தேன். மேல்கோட்டைத் தாண்டினால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரைத்த ஆயில் எதையும் ஒழுங்காக மசகிடாது.

வடித்த கறுப்பு ஆயிலை என்ன செய்வது என்பதைத்தான் வீட்டில் வேலை செய்யும் பலர் யோசிப்பதில்லை. அதைச் சாக்கடையில் கொட்டுவதும், கரையானுக்கு என்று மண்ணில் ஊற்றுவதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய ஆயிலையும் தம் வரம்புக்குள் வைத்திருக்கின்றன. நான் அதைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒரு பணிமனையில் ஒப்படைத்துவிடுகிறேன்.

முகப்பு விளக்கு பல்ப் மாற்றுவதும் எளிது, ஆனால் சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் அதிக வாட் பல்ப்பைக் காட்டி ஆசை காட்டுவார்கள். காருக்கு உரியது 60/55 வாட் எச்4 பல்ப். 100/90 வாட் பல்ப் அதே ஹோல்டரில் பொருந்திவிடும் என்றாலும், அந்தச் சூட்டையும் மின்னோட்டத்தையும் தாங்குவதற்கு ஹோல்டரும் வயரும் செய்யப்படவில்லை. ஆலஜன் பல்ப்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடவும் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும்.

சூடான ரேடியேட்டரின் மூடி, ஏசி கேஸ், ஏர்பேக் உள்ள கார்களில் மஞ்சள் நிற வயர்கள் ஆகியவற்றை நான் தொடுவதில்லை. பிரேக்கைப் பொறுத்தவரை, சக்கரத்தைக் கழற்றும்போது பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டு, மாற்றும் வேலையைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன். அவர் செய்யும்போது பக்கத்தில் நிற்க அனுமதிக்கிறார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் என்று வரையறுக்கப்பட்டுள்ள கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றச் சொல்கிறேன். நானாகக் கேட்டாலொழிய, இதுவரை எந்தப் பணிமனையும் அதை நினைவூட்டியதில்லை.