ஜயண்ட்ஸ் காசில்: ஈலண்டின் மலையில் நடந்தபோது

தென்னாப்பிரிக்கா போய்வந்தேன் என்றாலே அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: "சிங்கம் பார்த்தியா?" இல்லை. நான் போனது ஜயண்ட்ஸ் காசில் காப்பகம். அந்தக் காட்டில் சிங்கமே கிடையாது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் இருந்த சிங்கங்களை வேட்டைக்காரர்கள் எந்தக் காலத்திலேயோ சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். சிங்கம் இல்லாததில் ஒரு வசதி உண்டு. ஜீப்புக்குள் அடைந்து கிடக்க வேண்டாம், இஷ்டத்துக்கு நடக்கலாம். நடப்பதற்கென்றே ஒரு காடு வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக நெடுஞ்சாலையில் ஏறி, மூய் ரிவர் ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினால், முதலில் பண்ணைகள், பிறகு ஜூலு கிராமங்கள், கடைசியில் எதிரே ஒரு சுவர். ஆமாம், மலை என்பதைவிடச் சுவர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கருங்கல்லாகியிருக்கிறது. அந்தப் பாறையின் அரித்த விளிம்புதான் இந்தச் செங்குத்து. அதன் மேலே ஏறினால் லெசோத்தோ நாடு. ஜயண்ட்ஸ் காசில் சிகரம் 3,315 மீட்டர். கருங்கல்லுக்குக் கீழே வெளிர்மஞ்சள் மணற்கல் அடுக்கு ஒன்று ஓடுகிறது. மழையும் காற்றும் குடைந்த பாறைக் குடைவுகள் எல்லாம் அதில்தான். நான் பார்க்கப் போன பழங்காலப் பாறை ஓவியங்களும் அங்கேதான்.

நான் போனது ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். காலையில் புல்லெல்லாம் உறைபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கோடையில் மலை பச்சைப்பசேலென்று இருக்குமாம், ஆனால் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் கொட்டும். எனக்குக் குளிரே பரவாயில்லை. வறண்ட புல் பொன்னிறமாகக் கிடக்க, நடுநடுவே கறுப்புப் பட்டைகள். காட்டுத்தீ பரவாமல் இருக்க முன்கூட்டியே எரித்து வைத்த இடங்கள் அவை.

முகாமிலிருந்து 'மெயின் கேவ்ஸ்' குகைகளுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. புஷ்மன்ஸ் ஆறு கீழே சலசலக்க, ஓரமாகவே பாதை. வழியில் ஒரு பாறாங்கல்லில் '75' என்று செதுக்கியிருக்கிறது. ஹ்லுபி மக்களின் தலைவர் லங்கலிபலேலேயைப் பிடிக்க ஆங்கிலேயர் படை கிளம்பிய கலவரத்தின்போது, 1874-இல் இங்கே தங்கிய 75-ஆம் படைப்பிரிவின் சமையல்காரர் செதுக்கியது என்கிறார்கள். பாறையில் பேரை எழுதிவைக்கும் பழக்கம் யாரையும் விட்டதில்லை போலிருக்கிறது.

குகை வாசலில் பூட்டிய கம்பிக் கதவு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெண். முதலில் விதிகளைச் சொன்னார்: தொடக்கூடாது, சாயக்கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது. தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். "முன்னெல்லாம் போட்டோவுல நிறம் எடுப்பா விழணும்னு தண்ணி அடிச்சிருக்காங்க. அப்படித்தான் பல படம் போச்சு" என்றார்.

சுமார் 500 ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. வரைந்தவர்கள் சான் மக்கள். வேட்டையாடி, கிழங்கும் பழமும் சேகரித்து இந்த மலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். இந்த மலைத்தொடரில் சில ஓவியங்கள் ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமை கொண்டவை என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. வேறு சிலவற்றிலோ குதிரையும் துப்பாக்கியும் இருக்கின்றன, அதாவது அவை 19-ஆம் நூற்றாண்டு. அத்தனை காலமும் ஒரே கை வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

குகையில் ஒரு சான் குடும்பத்தின் ஆளுயரப் பொம்மைகளையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர்களே வரைந்த படம் நாலடி தள்ளி இருக்கும்போது பொம்மை எதற்கு?

படங்களுக்கு வருவோம். சிறியவை, பல என் உள்ளங்கையில் அடங்கும். முதலில் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை, வெறும் செம்மண் கறை. கொஞ்சம் நின்றதும் ஒரு ஈலண்ட் தெரிந்தது. மாட்டளவு பெரிய ஆப்பிரிக்க மறிமான் அது. உடம்பு செங்காவி, வயிறும் கழுத்தும் வெள்ளை. செங்காவி வெள்ளையில் கலக்கும் இடத்தில் கோடே இல்லை, நிறம் மெல்ல மெல்லக் கரைகிறது. கால் குளம்பின் பிளவு வரை தெரிகிறது. தூரிகை மயிரிழை அளவு இருந்திருக்க வேண்டும். தலை மட்டும் சின்னதாக, தோளில் ஒரு திமிலோடு, கழுத்துக்கடியில் தோல் மடிப்பு தொங்க இருந்தது. இந்த அளவுக்கா தலை சிறுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதிவேட்டில் பேர், போகும் பாதை, திரும்பும் நேரம் எல்லாம் எழுதிவிட்டு 'வேர்ல்ட்ஸ் வியூ' மேட்டுக்கு நடந்தேன். (இந்தப் பதிவேட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஆள் திரும்பாவிட்டால் எங்கே தேடுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.) பாதி ஏற்றத்தில், எதிர்ச் சரிவில் ஈலண்ட் மந்தை. முன்னால் நின்ற கிடா அசையாமல் என்னையே பார்த்தது. ஆண் ஈலண்ட் 900 கிலோ வரை வளரும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தத் தலை சின்னதுதான். திமில், தொங்கும் மடிப்பு, வெளுத்த வயிறு, எல்லாம் குகையில் பார்த்தபடியே. ஓவியர் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மந்தை நகர்ந்தபோது 'டக், டக்' என்று ஒரு சத்தம் வேறு கேட்டது. நடக்கும்போது ஈலண்டின் முன்னங்கால் மூட்டிலிருந்து வரும் சத்தம் அது, தூரத்திலிருந்தே கேட்கும்.

இந்தக் காப்பகம் 1903-இல் தொடங்கியதே ஈலண்டைக் காப்பாற்றத்தான். வேட்டையில் அது அருகிப்போயிருந்தது. அதே மலையில் அதே ஈலண்டை அவ்வளவு ஆசையாக வரைந்த சான் மக்களை அதற்குள் விரட்டியும் கொன்றும் தீர்த்திருந்தார்கள். குடியேறிகளின் கால்நடைகளைச் சான் மக்கள் கவர்ந்து போனதும், பதிலுக்குத் துப்பாக்கிப் படை வந்ததும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க நடந்த கதை. மிஞ்சியவர்கள் அக்கம்பக்கத்து விவசாய இனங்களோடு கலந்துவிட்டார்கள். விலங்குக்கு வேலி கிடைத்தது, வரைந்தவனுக்குக் கிடைக்கவில்லை. மந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதுதான் மனசில் ஓடியது.

தாடிக் கழுகு பார்க்கும் மறைவிடத்துக்கு முன்பதிவு அவசியம். பாறை விளிம்பில் கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை, அதில் ஒரு நீளச் சன்னல். வெளியே எலும்புகளைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்க வேண்டும். முதலில் வெண்கழுத்து அண்டங்காக்கைகள் வந்து ரகளை செய்தன. கேப் கழுகுகள் வட்டமடித்தன. வெகுநேரம் கழித்து, கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று எழும்பி, என் கண்மட்டத்தில் சிறகடிக்காமல் கடந்துபோனது. சிவப்பு வளையமிட்ட கண், அலகுக்குக் கீழே கறுப்புத் தாடி. எலும்புதான் இதன் முக்கிய உணவு. விழுங்க முடியாத பெரிய எலும்பை உயரே தூக்கிப் போய்ப் பாறையில் போட்டு உடைக்கும். நெஞ்சின் துருச் சிவப்பு அதன் சொந்த நிறமில்லை. இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு பூசிக்கொள்வது. சான் ஓவியரின் செங்காவியும் அதே இரும்பு ஆக்சைடுதான். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இந்தப் பறவை இந்த மலைத்தொடரில் மட்டும் சில நூறுதான் மிச்சம். விஷம் வைத்த இரையும் மின்கம்பிகளும் அதையும் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் கம்பெர்க், அதே மலைத்தொடரில் இன்னொரு காப்பகம். ஜயண்ட்ஸ் காசிலிலிருந்து காரில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே 'கேம் பாஸ்' குடைவுக்கு வழிகாட்டியோடு ஏறினால், பாறை ஓவிய ஆய்வையே திருப்பிப்போட்ட படம் ஒன்று இருக்கிறது. ஒரு ஈலண்ட் தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளத் தள்ளாடுகிறது. விஷ அம்பு பட்டுச் சாகிற நிலை. அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன், அவன் காலும் அதேபோல் பின்னியிருக்கிறது, பாதத்துக்குப் பதில் குளம்பு. இது வேட்டைக் காட்சி இல்லை, ஆடி ஆடி மயக்கநிலைக்குப் போகும் வைத்தியரின் 'சாவு' என்று விளக்கியவர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர். அவருக்குக் கைகொடுத்தவை சான் மக்களே சொன்ன வார்த்தைகள். 1870-களில் கேப் டவுனில் மொழி ஆய்வாளர்கள் பிளீக்கும் லூசி லாய்டும் எழுதிவைத்த குறிப்புகள், 1873-இல் லெசோத்தோவின் மலோட்டி மலையில் கிங் (Qing) என்ற சான் இளைஞர் ஜோசப் ஆர்பன் என்ற அதிகாரிக்குச் சொன்ன விளக்கங்கள். சாகும் ஈலண்டுக்கு மயிர் சிலிர்க்கும், வியர்க்கும், கால் தடுமாறும். மயக்கத்தில் விழும் வைத்தியருக்கும் அப்படியே. முதல் நாள் குகையில் வெறும் அழகாகத் தெரிந்தது இங்கே வேறாகிவிட்டது. அந்த ஈலண்டுகள் வெறும் இரையோ அலங்காரமோ இல்லை, நோய் தீர்க்கவும் மழை வரவழைக்கவும் அவர்கள் நம்பிய ஆற்றல்.

நேரம் ஒரு நாள்தான் என்றால் கம்பெர்க்கையே தேர்ந்தெடுங்கள், மெயின் கேவ்ஸ் போகாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாள் கிடைத்தால் ஜயண்ட்ஸ் காசிலில் ஒரு நாள் முழுக்க நடந்து, ஈலண்டைப் பார்த்துவிட்டுப் பிறகு கேம் பாஸ் ஏறுங்கள். வழிகாட்டிகள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள், தாமதமாகப் போனால் அன்றைக்கு ஏற முடியாது. குளிர்காலம் என்றாலும் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கள், பபூன் குரங்குகள் விட்டுவைக்காது.