வழிகாட்டி தேடிப் போனேன், ஓ.இ.டி. எழுதச் சொன்னார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு அமைப்புகள் ஆன்லைனில் நடத்தும் வழிகாட்டல் திட்டங்களுக்கு சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது, தேவைப்படாமலும் இருக்கலாம். விண்ணப்பப் பக்கத்தை ஒழுங்காகப் படிக்காமல் ஒரு கிளார்க்கின் பேச்சை நம்பி நான் ஒரு நாள் லீவையும் எறணாகுளம் போய்வந்த காசையும் தொலைத்தேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சுகாதாரத் துணை மையத்தில் ஒப்பந்த நர்ஸ். கேரளத்தில் எங்களை எம்.எல்.எஸ்.பி. (மிட் லெவல் சர்வீஸ் புரொவைடர்) என்பார்கள். பள்ளிப்படிப்பு இங்கேயே தமிழ் மீடியம், நர்சிங் கோயம்புத்தூரில். தடுப்பூசி நாட்களில் குழந்தைகளோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, இதையே பெரிய அளவில் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்கு ‘குளோபல் சைல்ட் ஹெல்த்’ (உலக அளவில் குழந்தைகள் நலம்) என்று ஒரு துறையே இருக்கிறது என்று தெரிந்ததும் வழிகாட்டி ஒருவரைத் தேட ஆரம்பித்தேன்.

‘குளோபல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மூரில் எல்லோருக்கும் விசாதான் ஞாபகம் வருகிறது. முதலில் கோவையில் ஒரு பெரிய குழந்தை மருத்துவருக்கு இரண்டு பக்க மெயில் அனுப்பினேன். என் வாழ்க்கை வரலாறு முழுக்க எழுதி, கடைசி வரியில் ‘எனக்கு வழிகாட்டியாக இருங்கள்’ என்று கேட்டிருந்தேன். ‘ஷ்யூர்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். அப்புறம் மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. நேரிலேயே போய்விடலாம் என்று வேலந்தாவளத்தில் பஸ் ஏறினேன். காலை பத்து மணியிலிருந்து மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “சிஸ்டர், ஓ.இ.டி. எழுதிட்டீங்களா?”

ஓ.இ.டி. என்பது வெளிநாட்டு வேலைக்குப் போக நர்ஸ்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. கோபம் வந்தது. ஆனால் தப்பு பாதி என்னுடையது. வழிகாட்டியாக இருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் எதிரே இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு இருபது நிமிடம் பேச முடியுமா?’ என்று கேட்டிருந்தால் அவர் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லியிருப்பார். எனக்கும் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒரு தோழி மூலம், வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஓராண்டு வழிகாட்டல் திட்டம் நடத்துவது தெரிந்தது. நர்ஸ்களும் சேரலாம், கட்டணம் இல்லை, எல்லாம் ஆன்லைன். சான்றிதழ் நகல்கள், மேலதிகாரியின் ஆதரவுக் கடிதம், ஒரு பக்கக் குறிப்பு என்று மூன்றே மூன்றுதான் கேட்டார்கள். குறிப்பை ஒரே ராத்திரியில் எழுதிவிட்டேன்.

கடிதத்தில்தான் மாட்டினேன். எங்கள் மெடிக்கல் ஆபீசர் நல்லவர், கேட்டதும் சரி என்றார். ஆனால் லெட்டர்ஹெட் மேலே உள்ள ஆபீசிலிருந்து வர வேண்டும், அங்கே செக்‌ஷன் கிளார்க். ஃபாரின் போவதற்கு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தர முடியாது என்றார். நான் எங்கேயும் போகவில்லை சார், போனிலேயேதான் பேசப்போகிறேன் என்றேன். “ஓன்லைனா? அப்போ லெட்டர் எந்தினா?” (பிறகு லெட்டர் எதற்கு?) என்று மலையாளத்தில் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரியே இருந்ததால் எனக்கு வாயடைத்துவிட்டது. இரண்டாம் தடவை போனபோது, சர்டிபிகேட் எல்லாம் அட்டெஸ்ட் ஆகாமல் வெளிநாட்டுக்காரன் எப்படி நம்புவான் என்றார். அதை நம்பி விடியற்காலையில் பாலக்காடு ஜங்ஷனில் ரயிலேறி, எறணாகுளத்தில் அட்டெஸ்டேஷன் ஆபீசில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண், “எந்த நாட்டுக்கு?” என்று கேட்டாள். எந்த நாட்டுக்கும் இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். விண்ணப்பத்தில் ‘நீங்களே கையெழுத்திட்ட நகல் போதும்’ என்று இருந்ததைத் திரும்பி வரும் ரயிலில்தான் படித்தேன்.

மூன்றாம் தடவை நான் கடிதத்தையே டைப் செய்து கொண்டுபோனேன். ‘இவர் பணியில் இருந்துகொண்டே, பணி நேரத்துக்கு வெளியே, இணையவழிப் பயிற்சியில் கலந்துகொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று நாலு வரி. லீவு, பயணம், செலவு எதுவும் ஆபீசுக்குக் கிடையாது என்று தெரிந்ததும் பத்தே நிமிடத்தில் சீல் விழுந்தது. யாராவது கடிதம் கேட்கப் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

அடுத்தது பெயர். எல்லைக்காரர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். கேரளப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், கோவைக் கல்லூரிச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் சர்நேமாக. மூன்று ஆவணங்களில் மூன்று பேர் இருக்கிறார்களே என்று அந்த அமைப்பு மெயில் அனுப்பியது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று வில்லேஜ் ஆபீசில் தரும் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட்தான் கைகொடுத்தது. கேரள அரசின் இ-சேவை மையமான அக்‌ஷயா மையத்தில் விண்ணப்பித்தேன். ஆங்கிலத்தில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு வாழ்த்துக் கடிதம் அப்பா பெயருக்கு வந்தது. எட்டாவதோடு நின்றவர் அவர். ஒரு வாரம் வீட்டில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

எனக்குக் கிடைத்த வழிகாட்டி இங்கிலாந்தில் இருக்கும் ஒரு நர்ஸ் ஆராய்ச்சியாளர். முதல் நாள் என் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. போன வாரம் பார்த்த குழந்தைகளில் எது இன்னும் மனதில் நிற்கிறது என்று கேட்டார். பத்து மாதக் குழந்தை ஒன்றைப் பற்றிச் சொன்னேன். அம்மா இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், பிரசவம் தாய்வீட்டில், பொள்ளாச்சிப் பக்கம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போட வேண்டும். இரண்டு ஊசி அங்கே ஆயிற்று. எங்கள் பக்கம் பல வீடுகளில் மூன்றாம் மாதம்தான் குழந்தையைப் புகுந்த வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். 14 வாரம் என்பது மூன்று மாதம் முடிந்த கையோடு வருகிறது. மூன்றாவது ஊசியை அங்கே இருப்பவர்கள் இங்கே போட்டிருப்பார்கள் என்றும், இங்கே நாங்கள் அங்கே போட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டோம். அங்கே கார்டு தமிழில், இங்கே மலையாளத்தில்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். முதல் டோஸ் போட்டு மூன்றாவது டோஸ் போடாமல் விடுபடும் குழந்தைகளின் விகிதத்தை உலகம் முழுக்கக் கணக்கெடுக்கிறார்கள் என்றார். முதல் டோஸே கிடைக்காத குழந்தைக்கு ‘ஜீரோ டோஸ்’ என்று பெயர் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சலித்துக்கொண்டே நோட்டில் எழுதி வைத்த விஷயம் ஒரு ஆராய்ச்சிக் கேள்வி என்று யாரும் அதுவரை எனக்குச் சொன்னதில்லை.

உற்சாகத்தில் அன்று ராத்திரியே ரெஜிஸ்டரைப் போட்டோ எடுத்து அனுப்பவிருந்தேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டேன். பெயரோடு ஒரு பக்கம்கூட அனுப்பாதே என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆய்வாக எடுத்துச் செய்வதென்றால் ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டிக்கும் போக வேண்டும். அதுவரை எங்கள் பேச்சு என் கேள்வியைக் கூர்தீட்டுவதோடு நிற்கும். இடையில் என்.பி.டி.இ.எல். என்ற இந்திய ஆன்லைன் பாடத் தளத்தில் ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் ஒன்றைப் படிக்கிறேன். படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதத்தான் கட்டணம்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்திப்பு அவருக்கு மதியம் மூன்று மணி, எனக்கு இரவு ஏழரை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஏழரைக்கு உட்கார்ந்தேன், ஆளைக் காணோம். எட்டு இருபத்தைந்து வரை காத்திருந்து, பழைய கோவை டாக்டரை நினைத்துக்கொண்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அவருடைய மெயில்: ‘எட்டரைக்குக் காத்திருந்தேனே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?’ அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்களாம். மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னால் தள்ளுவார்கள். சமையலறை காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

எதிக்ஸ் கமிட்டிக்கான ஃபார்வர்டிங் கடிதம் இப்போது அதே கிளார்க்கின் மேசையில் இருக்கிறது. இந்தத் தடவையும் நான்தான் டைப் செய்து கொடுத்தேன்.