கைமாத்து அரிசி

ஜூன் 2, 2025, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்தாச்சு. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு எதிரே பள்ளிக்குப் போனேன். மேலாண்மைக் குழுவில் என் பேரும் இருக்கிறதே, எட்டிப் பார்க்காவிட்டால் நன்றாயிருக்காது. ரவா உப்புமாவும் சாம்பாரும். காலை உணவு அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். படிக்கட்டில் ஒரு பிள்ளை தம்பியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் வரை அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள், இப்போது ஆறாவது. "சாப்பிட்டயா கண்ணு?" என்றேன். "வீட்டுல ஆச்சுங்க." பொய். தம்பி தட்டோரத்தில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்ததை நானே பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்
அந்தப் பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் கிடைத்தால் உண்டு. மாமியார் வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து பேரை நீக்கினால்தான் புது அட்டைக்கு மனுப் போட முடியும். நீக்கியாயிற்று, போட்டாயிற்று, ஏழு மாதமாகப் பதிலில்லை. அட்டை இல்லையென்றால் விலையில்லா அரிசி இல்லை, 30 ரூபாய்த் துவரம்பருப்பு இல்லை, 25 ரூபாய்ப் பாமாயில் இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் அட்டைக்கு ஒருத்தருக்குத்தான், அதுவும் நின்றுபோச்சு. என் கடையில் பருப்பு கிலோ 120. விலை சொல்ல எனக்கே கூச்சமாயிருந்தது.

இன்னொரு வீட்டில் தாத்தாவும் பேரனும் மட்டும். சாயப்பட்டறையில் உழைத்து அவருக்குக் கைரேகையே தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மெஷின் எடுக்கமாட்டேன் என்கிறது.

ஜூன் 13, வெள்ளி
குழுவில் இருக்கிற அம்மாக்கள் சேர்ந்து ஒன்பது மஞ்சப்பை கட்டினோம். 5 கிலோ புழுங்கலரிசி, அரைக் கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய். அரிசிம்பருப்புச் சோறு ஆக்க வேறென்ன வேண்டும்? ஆனால் சாயங்காலம் பள்ளி கேட்டில் நின்று கொடுத்தது என் புத்திகெட்ட யோசனை. மூன்று பேர்தான் வாங்கினார்கள். படிக்கட்டுப் பிள்ளை பையைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிட்டாள். இதில் ஒருத்தர் படம் பிடிக்க வேறு வந்தார். "ஏனுங், போட்டோ எதுக்குங்?" என்று நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு
ராத்திரி ஒன்பது மணி, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மாவே வந்தாள். "அக்கா, தானமாட்டக் குடுத்தா வேண்டாங்க. கைமாத்தாக் குடுங். கார்டு வந்ததும் அளந்து போட்டர்றேன்."

என் அம்மாவும் இப்படித்தான். பக்கத்து வீட்டில் படியைத் தலை வழித்து வாங்கி வருவார். திருப்பும்போது குவித்துப் போடுவார். பரணிலிருந்து அந்தப் படியைத் தேடி எடுத்துக் கழுவினேன். கடன் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து கணக்கு. பேர் எழுதவில்லை, பிள்ளையின் வகுப்பு மட்டும்: 'ஆறு – 3 படி.'

ஜூன் 29, ஞாயிறு
நோட்டில் பதினொரு வீடு. கம்பெனிக்காரர் ஒருவர் இரண்டு சிப்பம் அரிசி அனுப்பிவிட்டு, பேனர் வைக்கலாமா என்றார். அரிசி மட்டும் போதுமுங்க என்றேன். கொஞ்சம் கோபம் அவருக்கு. சரி.

ஜூலை 12, சனி
இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம். அவளையும் தாத்தாவையும் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒரு ரசீது கிடைத்தது, அவ்வளவுதான். தாத்தாவுக்குக் கருவிழி பதிவாகிவிட்டது. கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு மூச்சே விடாமல் நின்றார் மனிதர்.

ஜூலை 20, ஞாயிறு
தாத்தா வந்தார். துண்டில் முடிந்து இரண்டு படி ரேஷன் அரிசி. நானே அளக்கிறேன் என்று படியை வாங்கி, சரியச் சரியக் குவித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, நோட்டில் அடித்துவிட்டேன். மூட்டையில் கலக்கவில்லை, இது இட்லிக்குத்தான் நன்றாயிருக்கும். உளுந்தோடு ஊறப் போட்டிருக்கிறேன். காலையில் எட்டு மணிக்கு அந்த ஆறாவது பிள்ளை கடை வழியாகத்தான் போவாள்.